பெயர் அழிந்த வாள்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். நடந்தது எனக்கு. நள்ளிரவும் இல்லை, சுடுகாடும் இல்லை. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் ஓர் ஏலக் கடையின் பின்னறை. நவம்பர் பதினான்கு, மாலை மூன்றே முக்கால். எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கே இருட்டத் தொடங்கிவிடும்.

பழைய வாள்களைத் துடைத்துச் சீர்செய்வது என் வேலை. அன்று மேசையில் இருந்தது இருநூறு வருடப் பழைய பரிசு வாள். கேப்டன் ஜொசையா பெலமியின் வீரத்தைப் பாராட்டி ஊர் வணிகர்கள் கொடுத்தது. தந்தக் கைப்பிடி, அதில் சிங்கத் தலை, நீலம் ஏற்றிய அலகில் தங்க எழுத்தில் அவர் பெயர். எல்லாம் அழகுக்குத்தான். கூர் தீட்டியதே இல்லை. விரலை வைத்து இழுத்தாலும் கீறாது.

போன வாரம் அந்தப் பெயரை அழித்தவன் நான். கைப்பிடிக்குப் போடும் பாலிஷ் துணியாலேயே அலகையும் தேய்த்துவிட்டேன். நேற்றுச் சேர்ந்தவன்கூடச் செய்யாத முட்டாள்தனம். 'பெலமி' போயே போய்விட்டது. வாளை யார் எடுத்தார்கள் என்று குறிக்கும் பதிவேட்டில் கடைசியாக, என்னோடு வேலை செய்யும் டில்லியின் கையெழுத்து இருந்ததால் பழி அவள் மேல் விழுந்தது. அன்று ஐந்து மணிக்கு முதலாளி கிரேஷம் அவளை வேலையிலிருந்து அனுப்பப் போகிறார். இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்ப்பவள். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

3.45. மேசைக்குக் குறுக்கே வைத்திருந்த வாள், 'சர்ர்ர்...' என்றது. நிமிர்ந்தேன். முனை என் பக்கம் திரும்பியிருந்தது. விரிப்பு வழுக்கியிருக்கும் என்று நேராக வைத்தேன்.

3.52. எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். 'சர்ர்ர்...' மறுபடியும் என் பக்கம்.

டில்லி தேநீரோடு வந்தாள். அழுத கண்கள்.

"என்ன பெர்சி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" மேசையைப் பார்த்துச் சிரித்தாள். "அட, உன்னையே பார்க்குதே! எங்கப்பா கடற்படைல இருந்தாருல்ல, சொல்வாரு. விசாரணை முடிஞ்சு அதிகாரி உள்ள வர்றப்ப அவரோட வாள் மேசை மேல இருக்குமாம். முனை அவரைப் பார்த்தா குற்றவாளி. கைப்பிடி பார்த்தா தப்பிச்சாரு."

தேநீர்க் கோப்பையை வாங்கி ஓரமாக வைத்தேன்.

"இன்னிக்கு அது என்னைத்தானே பார்க்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

4.10. முனை மேசை விளிம்பைத் தாண்டியிருந்தது.

எழ முடியவில்லை.

நெஞ்சில்... ஒரு குளிர்...

"நான்தான்!" கத்தினேன். "நான்தான் தேய்ச்சேன்! டில்லி இல்ல!"

சர்ர்ர்...

கைப்பிடி என் பக்கம் இருந்தது.

கிரேஷம் ஓடிவந்தார். "இத்தனை நாள் என்னய்யா பண்ணிட்டிருந்த?" என்றார். என் வேலை போனது. டில்லி அங்கேயே இருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து உடை மாற்றினேன். ஸ்வெட்டரில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. உள்ளே சட்டையில் மட்டும், இதயத்துக்கு நேரே, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெட்டு.

மார்ச்சில் டில்லி ஃபோன் செய்தாள். வாளோடு வந்த பழைய காகிதங்களைப் படித்தாளாம்.

"அந்த பெலமி பெரிய மோசக்காரன் பெர்சி. கப்பல் தரைதட்டினது அவன் தப்பு. பழி துணை அதிகாரி மேல விழுந்தப்ப வாயை மூடிக்கிட்டான். துணை அதிகாரிதான் குற்றவாளின்னு தீர்ப்பு வந்த அன்னிக்கே, பெலமி பூட்டின அறைல செத்துக் கிடந்தான். நெஞ்சுல குத்து. இந்த வாள் உறைக்குள்ளதான் இருந்துச்சாம்."

"ம்..."

"வைத்தியர் ஒண்ணு எழுதியிருக்காரு. அதுதான் எனக்குப் புரியல. மேல்கோட்டுல ஒரு கீறல் இல்லையாம். உள்சட்டை மட்டும் வெட்டியிருந்துச்சாம்."

என் சட்டையைப் பற்றி நான் அவளிடம் இதுவரை சொல்லவில்லை.