அத்தை வைத்திருந்த பாதி நோட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருடங்கள் தள்ளிப்போட்டுவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அடுப்படியும் சாமி கும்பிடும் மூலையும்தான் எனக்குப் பழக்கம். ஆனால் திருச்செந்தூரில் முருகன் முன்னால் கைகூப்பும்போதெல்லாம் இது நெஞ்சில் வந்து நின்றுகொள்கிறது. அவன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

யுத்தகாலம் அது. எனக்கு எட்டு வயது. தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்து வீடு. காற்று திரும்பினால் கருவாட்டு வாசனையும் கப்பலின் ஊதலும் சேர்ந்து வரும். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் சித்தப்பாவுக்குப் பழைய ரூபாய் நோட்டுகள் சேர்க்கிற பைத்தியம். தோணிக்காரர்களிடம் கேட்டு வாங்கித் தடித்த புத்தகம் ஒன்றின் பக்கங்களுக்கு நடுவே வைத்திருப்பார். அதில் அவர் உயிராக நினைத்தது ஒரு பாதி நோட்டு. ஒரு பக்கம் மட்டுமே அச்சடித்த வெள்ளைக் காகிதத்தின் இடது பாதி.

அந்தக் காலத்து வியாபாரிகள் நோட்டை இரண்டாக வெட்டி இரண்டு தபாலில் அனுப்புவார்களாம். வழியில் ஒன்று திருடு போனாலும் திருடனுக்குப் பிரயோசனமில்லை. இரண்டு பாதியிலும் ஒரே எண் இருக்கும். சேர்த்து ஒட்டினால்தான் பணம்.

அப்படி ஒரு வலது பாதி எங்கள் அத்தையிடமும் இருந்தது. அத்தை சித்தப்பாவுக்கு அக்கா, எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அவள் புருஷன், எங்கள் மாமா, ரங்கூனுக்குக் கடை வைக்கப் போனபோது, தன் அப்பாவின் பெட்டியில் இருந்த பழைய நோட்டு ஒன்றை வெட்டி ஒரு பாதியை அவளிடம் கொடுத்து, மறுபாதி என்னோடு வரும் என்றாராம். எழுத்து தெரியாத அத்தைக்கு அந்த எண்ணை மட்டும் வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அங்கே ஜப்பான் சண்டை வந்தது. கடுதாசி நின்றது. பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர்கள் யாருக்கும் அவரைப் பற்றித் தெரியவில்லை. அத்தை தினமும் விளக்கேற்றியதும் குங்கும டப்பாவிலிருந்து அந்தப் பாதியை எடுத்து, “நாலு, ஏழு, ஒண்ணு, ஆறு, சைபர்” என்று மந்திரம் மாதிரிச் சொல்வாள்.

“இது என்ன விலை போகும் தம்பி?” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

“பழசுன்னா மட்டும் விலை வராதுக்கா. எந்த ஊர்ல வெளியிட்டது, யாரு கையெழுத்து, உலகத்துல எத்தனை மிச்சம், கசங்காம இருக்கா, இதெல்லாம் பாத்துத்தான் வாங்குவாவ. பாதின்னா ஜோடி சேரணும்.”

ஜோடி சேரணும் என்ற சொல் மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. இரண்டும் ஒட்டினால் மாமா வந்துவிடுவார் என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானம் அத்தை கிணற்றடிக்குப் போனதும், சித்தப்பாவின் புத்தகத்திலிருந்து அவருடைய பாதியை எடுத்தேன். சோற்றுப் பருக்கையை மசித்து, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே அத்தையின் பாதியோடு சேர்த்து ஒட்டி டப்பாவில் வைத்துவிட்டேன்.

விளக்கேற்றும் நேரம் அத்தை டப்பாவைத் திறந்தாள். நோட்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். உதடு அசையவில்லை.

“இங்கன யாருளா வந்தா?”

“மாமா வருவாவ அத்தை” என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலையை வாரி, பிச்சிப்பூ வைத்துக்கொண்டாள். அன்று வாங்கியிருந்த விளமீனைக் குழம்பு வைத்தாள். அது மாமாவுக்குப் பிடித்த மீன். கூடத்தில் வாழையிலை போட்டு, தண்ணீர் தெளித்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே கலங்கரை விளக்கின் வெளிச்சம் வந்து வந்து இலையின் மேல் ஓடியது. வீடே ஒரு தோணி மாதிரி மெல்ல ஆடுவதாக எனக்குத் தோன்றியது.

சித்தப்பா வந்தார். இலையைப் பார்த்தார், விளக்கின் அருகே நோட்டைப் பார்த்தார். புத்தகத்தைப் புரட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பாதிக்கு ஜோடி வைத்திருந்த ஒருவர் அதை வாங்க மதராஸிலிருந்து வருவதாக இருந்தது.

“அக்கா, இந்த நம்பரு...”

“கைகாலக் கழுவிட்டு வாலே தம்பி. சோறு ஆறுது.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏளா, நீ இந்த இலையில உக்காரு.”

மாமாவின் இலையில் எனக்குப் பரிமாறினாள். முள்ளை எடுத்துவிட்டு ஊட்டினாள். சித்தப்பா அந்த நோட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கவில்லை, திருப்பிக் கேட்கவுமில்லை.

மறுநாள் முதல் அத்தை விளக்கின் முன்னால் எண்ணைச் சொல்லவில்லை. வேண்டுதல் பலித்துவிட்டது, மாமா கிளம்பிவிட்டார், அதனால்தான் நிறுத்திவிட்டாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரிந்தது அந்த ஐந்து எண்கள் மட்டும்தான், இடது பாதியில் அவை இல்லை என்பதை அன்றே கண்டுகொண்டாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மாமா வரவில்லை. அத்தையும் போய்விட்டாள். நோட்டு என் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. பசை ஒட்டிய, எண் பொருந்தாத காகிதத்துக்கு ஒரு காசு தேறாது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரிடமாவது சொல்வீர்களானால், கேட்பவர் மனம் குளிரட்டும் என்று எண்கள் பொருந்தின என மாற்றிவிடாதீர்கள். இடது பக்கம் வேறு, வலது பக்கம் வேறு. அப்படியே சொல்லுங்கள்.