இரண்டாவது பொட்டலம்

திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் அர்த்தநாரியண்ணனைப் பஞ்சாயத்துக்கு யாரும் கூப்பிட்டதில்லை. அதனாலோ என்னவோ, கதையில் வருகிறவர்களின் வழக்கையெல்லாம் அவரே எடுத்துக்கொண்டார். அது முப்பத்தைந்தாம் வருஷம். களத்தில் ஊரே உட்கார்ந்து நிலக்கடலை உரிக்கும். சின்னண்ணன் என்று நாலெழுத்துப் படித்த ஒரு பையன் வாரப் பத்திரிகைக் கதையைச் சத்தமாக வாசிப்பான். கதையில் திருடன் வந்தால் போதும், "அவன் எடத்துல நின்னு பாருங்க சாமி" என்று அண்ணன் ஆரம்பித்துவிடுவார். அப்புறம் எங்கே கடலை உரிப்பது? பறிகொடுத்தவன் மேல்தான் தப்பு என்று தீர்ப்பாகும்வரை விடமாட்டார்.

பூக்கேட்கும் கதையும் அப்படித்தான் வந்தது. கல்யாணம் பேசினால், வெள்ளை அரளியை ஒரு பொட்டலத்திலும் சிவப்பரளியை இன்னொன்றிலும் மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். கதையில் வந்த பெண், பிடிக்காத மாப்பிள்ளையைத் தட்டிக்கழிக்க இரண்டிலும் சிவப்பையே மடித்துவிட்டாள்.

"சாமியவே ஏமாத்திப்போட்டாளே, நாசமாப் போறவ" என்றாள் பக்கத்துத் தோட்டத்தில் வாக்கப்பட்டிருந்த அண்ணனின் தங்கை ராமாயி.

"அவ என்ன பண்ணுவா? சொன்னாக் கேக்கறதுக்கு ஊட்டுல ஆள் இருந்துச்சா? அவ செஞ்சது நாயந்தான்" என்றார் அண்ணன். "பெத்தவன்தான் மடையன். இன்னொரு பொட்டலத்தப் பிரிச்சுப் பாக்கோணும்னுகூடத் தெரியல."

அண்ணனின் மகள் சௌந்திரம் தலை தூக்காமல் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவளை ராமாயி மகன் அங்கமுத்துவுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அங்கமுத்து நல்லவன்தான். மேச்சேரி ஆடுகளோடு நாள் முழுக்கப் பேசுவான். மனிதரைக் கண்டால் வாயே திறக்கமாட்டான். "எனக்கு வேண்டாமுங்கய்யா" என்று அவள் அழுதபோது, "மொறைன்னா மொறைதான், போயி சோத்த வடி" என்று விரட்டியவர் இதே அண்ணன்தான். கதைப் பெண்ணுக்குக் கிடைத்த வக்கீல் சொந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தை பிறந்ததும் மாரியம்மன் கோயிலில் பூக்கேட்டார்கள். ஊரே வந்திருந்தது. பூப்பறித்துப் பொட்டலம் மடித்தது சௌந்திரம். அந்த வீட்டில் எல்லா வேலையும் அவள் தலையில்தானே. பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

ராமாயிக்கு முகம் செத்துவிட்டது. அண்ணன் குனிந்து மற்றதை எடுத்தார். இலை மடிப்பு ஓரத்தில் விலகியிருந்தது. அதற்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தன்னிடம் சொல்லிப் பார்த்து, அழுது பார்த்து, அப்புறம்தானே இப்படிச் செய்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பாவம், மனுஷன் கண் கலங்கிவிட்டார்.

"அதையும் பிரிங்கண்ணா" என்றாள் ராமாயி.

அண்ணன் பொட்டலத்தை மடியில் செருகி வேட்டியை இறுக்கிக் கட்டினார். "அம்மன் சொல்லிப்போட்டா. அதுக்கு மேல நோண்டுனா சாமி குத்தமாயிரும்."

வெளியே அங்கமுத்து நிம்மதியாக ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தான்.

சின்னண்ணன் சும்மா இருப்பானா? "ஏனுங்க, பிரிச்சுப் பாக்காத அப்பன மடையன்னு சொன்னீங்களே?"

அண்ணன் மடியை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"மடையனெல்லாம் இல்ல சாமி. அவன் பாத்துத்தான் இருப்பான். கதை எழுதுனவனுக்குத்தான் தெரியல."