கதவு எந்தப் பக்கம்?

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியதும் அண்ணி இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்வரிசை வரை ஒரு நடை போகிறார். மறந்துபோன குடை, ஒற்றைக் கையுறை, பாதி கடித்த ஆப்பிள், எதுவானாலும் எடுத்துப் பையில் போட வேண்டும் என்பது டிப்போ விதி. அது முடிந்ததும் கடைசி இருக்கையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையையும் காதோரம் செருகிய பென்சிலையும் எடுக்கிறார். அடுத்த டிரிப்புக்கு ஒன்பது நிமிடம் இருக்கிறது. அதற்குள் ஒரு பேயை வரைந்தாக வேண்டும்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. வயது நாற்பத்து நான்கு. பத்தொன்பது வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறார். நான் எதிர் வீட்டில் குடியிருக்கும் நாத்தனார், மருந்துக்கடையில் வேலை. நாத்தனார் வாயிலிருந்து புகழ்ச்சி வந்தால் தாராளமாக நம்பலாம். எங்கள் இனத்துக்கு அது வழக்கமில்லை.

ஆறு மாதமாகச் சனிக்கிழமைதோறும் அண்ணி கல்லூரியில் சினிமா படிக்கிறார். வகுப்பில் மொத்தம் எட்டுப் பேர், மற்ற ஏழு பேருக்கும் இருபது தாண்டினால் அதிகம். முதல் நாள் அண்ணி உள்ளே நுழைந்தபோது, ஆசிரியை வந்துவிட்டார் என்று ஏழு பேரும் எழுந்து நின்றார்களாம். "உக்காருங்கப்பா, நானும் உங்கள மாதிரி பரீட்சைக்குப் பயந்தவதான்" என்று சொல்லிக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தப் பருவத்தின் கடைசி வேலை இது: ஒரு படத்தின் முதல் இரண்டு நிமிடத்தைத் திட்டமிட வேண்டும். காதலா, கொலையா, சிரிப்பா, அது அவரவர் இஷ்டம். ஒவ்வொரு ஷாட்டையும் ஓர் அட்டையில் வரைந்து, சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் காட்ட வேண்டும். எட்டில் ஒன்றைத்தான் கல்லூரிக் கேமராவில் படம் பிடிப்பார்கள். மற்ற ஏழு பேரும் அந்த ஒருவருக்கு விளக்குப் பிடிக்க வேண்டியதுதான். அண்ணிக்கு இன்னொரு பருவம் கிடையாது. ஆறு மாதமாகச் சனிக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்ட சக ஓட்டுநர், "போதும் தாயே, என் பொண்டாட்டி டைவர்ஸ் பண்ணிருவா" என்று கைவிரித்துவிட்டார்.

எந்த வகை என்று முடிவெடுக்கவே மூன்று வாரம் ஆனது. முதலில் சிரிப்புப் படம் என்றார். பிறகு காதல் என்றார், அண்ணன் வெட்கப்பட்டதைப் பார்த்துவிட்டு அதையும் கைவிட்டார். கடைசியில் பேய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குளியலறைக்குப் போகும்போதுகூட வெளியிலிருந்து யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிற மனுஷி!

"பயப்படறவளுக்குத்தானே பயம் எங்கருந்து வருதுன்னு தெரியும்?" என்றார். "அதுவும் ராத்திரிப் பேய் இல்ல. அத எல்லாரும் காட்டிட்டாங்க. மத்தியானம் பன்னெண்டரைக்கு வெறும் பஸ்ஸுல ஒத்தையா உக்காந்து பாரு, அப்பத் தெரியும்."

அண்ணியிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டியை எடுக்குமுன், பயணிகளைப் பார்ப்பதற்காகத் தலைக்கு மேல் மாட்டியிருக்கும் கண்ணாடியைக் கையை உயர்த்தி ஒரு விரல் அளவு தள்ளுவார். அது சரியாகத்தான் இருக்கும், இருந்தாலும் தள்ளுவார். "பாத்தாச்சு, போலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பும் அந்தக் கை தன்பாட்டில் மேலே போய் இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் ஏன் இந்த வயதில் இவ்வளவு பாடு என்று கேட்டேவிட்டேன். "பத்தொம்போது வருஷமா ஊரு மொத்தத்தையும் அந்தக் கண்ணாடியிலதான் பாக்கறேன். அழறவங்க, சண்டை போடறவங்க, தூங்கி வழியறவங்க. நான் பாக்கறது ஒருத்தருக்கும் தெரியாது. அத ஒரே ஒரு தடவ நாலு பேருக்குக் காட்டிரணும்" என்றார். அதற்குப் பிறகு நான் கிண்டலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

ஒத்திகை எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. இரண்டு வீட்டு நாற்காலிகளும் வரிசையாகப் பேருந்தாயின. அண்ணன்தான் கடைசி இருக்கைப் பேய். "நடிக்காதீங்க, சும்மா உக்காருங்க" என்று அண்ணி கத்த, "சும்மா உக்கார்றதுதாம்மா கஷ்டம்" என்று அண்ணன் முதுகைச் சொறிந்தார். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். இங்கே பேயே பாவம், மரம் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணியிடம் கடிகாரம் கிடையாது. "ரெண்டு நிமிஷம்னா பாலத்துல ஏறி லைப்ரரி ஸ்டாப்புல நிக்கிறது" என்று கண்ணை மூடி, இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பி நேரம் பார்த்தார். நான் போனில் சரிபார்த்தேன். நூற்று இருபத்தொரு விநாடி!

இடி விழுந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். பதினோரு அட்டைகளையும் தரையில் பரப்பி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் ஆறு அட்டைகளில், ஓட்டுநர் பார்வையில் கடைசி இருக்கையில் ஒரு பெண். ஏழாவதில் ஓட்டுநர் திரும்பி நின்று நேராகப் பார்க்கிறாள். அதற்கப்புறம் விரித்த தலை, அலறல், உடையும் ஜன்னல். அப்போது கல்லூரி விட்டு வந்த அண்ணி மகள் நின்றபடியே குனிந்து பார்த்தாள். அவளுக்கு வாய் அம்மாவுடையது, கருணை யாருடையதும் இல்லை.

"அம்மா, பஸ்ஸோட கதவு ஆறு அட்டையில இந்தப் பக்கம் இருக்கு. ஏழாவதுல அந்தப் பக்கம் போயிருச்சு. எந்த ஊர்ல கதவு நடக்கும்?"

அண்ணி குனிந்தார். முகம் வெளுத்துவிட்டது. கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும், வலது இடதாகத் தெரியும். பத்தொன்பது வருடம் கண்ணாடியிலேயே பார்த்துப் பழகிய கை, வண்டியைக் கண்ணாடியில் தெரிகிறபடியே ஆறு அட்டையிலும் வரைந்து வைத்திருக்கிறது. அந்தத் தப்பைச் செய்ய ஒரு பஸ் டிரைவரால்தான் முடியும். விடிந்தால் வகுப்பு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. "அழிச்சு வரையலாம் அண்ணி, நான் கோடு போட்டுத் தர்றேன்" என்று ரப்பரை எடுத்தேன்.

"தொடாத!"

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. ஏழாவது அட்டையைக் கையில் எடுத்து, ஆறாவதன் பக்கத்தில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். பிறகு அலறல் அட்டையையும் ஜன்னல் அட்டையையும் விரித்த தலையையும் நான்காகக் கிழித்துப் போட்டார்.

"கதவு இந்தப் பக்கம் இருந்தா கண்ணாடி. அந்தப் பக்கம் இருந்தா நெஜம். புரியுதா? கண்ணாடியில பாக்கறா, கடைசி சீட்டுல ஒருத்தி இருக்கா. திரும்பறா, யாருமில்ல. கண்ணாடியில பாக்கறா, ரெண்டு சீட்டு முன்னால வந்து உக்காந்திருக்கா. திரும்பறா, யாருமில்ல. மறுபடி கண்ணாடி, இப்ப முதுகுக்குப் பின்னாலயே! திரும்பறா..." அண்ணி மூச்சு வாங்கினார். "திரும்பறா, கதவு நெஜப் பக்கம் இருக்கு. அவளும் இருக்கா."

எனக்கு முழங்கைவரை புல்லரித்தது. மகள் "ஐயோம்மா!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பயமுறுத்திய அண்ணியோ எங்கள் இருவரையும்விட அதிகமாகப் பயந்து, "யாராவது அந்த விளக்கப் போடுங்களேன்" என்றார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

சனிக்கிழமை, ராத்திரியோடு ராத்திரியாக அண்ணி வரைந்து முடித்த புது அட்டைகளைச் சுமந்துகொண்டு நானும் போனேன். கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். அண்ணிக்கு முன் ஏழு பேரும் காட்டிவிட்டார்கள்: மூன்று கொலை, மூன்று காதல், விண்வெளியிலிருந்து ஒரு பூச்சி. எல்லோரும் கைதட்டிக்கொண்டார்கள். அண்ணி முறை வந்தது. பிள்ளைகள் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கண்ணாடி மாட்டியிருக்கும் உயரத்தில் முதல் அட்டையைப் பிடித்தார். "மத்தியானம் பன்னெண்டரை. காலி பஸ். கதவு எந்தப் பக்கம்னு மட்டும் பாத்துக்கிட்டே இருங்க."

கண்ணாடி அட்டை வரும்போது பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டினார், நிஜ அட்டைக்குச் சடாரென்று அவர்கள் பக்கம் திரும்பினார். முதல் முறை திரும்பியபோது பிள்ளைகள் சிரித்தார்கள், இரண்டாவது முறை சிரிப்பு நின்றது. மூன்றாவது முறை அவர் முதுகைக் காட்டியபோது முன்வரிசைப் பையன் ஒருவன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். கடைசி அட்டையோடு திரும்பியதும் ஒரு பெண் வீலென்று கத்திவிட்டாள். ஆசிரியர், முப்பது வயதுகூட ஆகாத மனிதர், தன் பின்னால் இருந்த காலி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பார்த்த பிறகுதான் தான் பார்த்தது அவருக்கே தெரிந்தது போலிருக்கிறது, காது சிவந்துவிட்டது.

"பஸ் கிடைக்குமா அக்கா?" என்றார்.

"டிப்போவுல கேட்டு வச்சிருக்கேன் சார். நாயித்துக்கிழமை பகல்ல ஒண்ணு சும்மாதான் நிக்கும்."

அவர் மற்ற ஏழு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். விண்வெளிப் பூச்சிக்காரன், "நான் லைட்டு புடிக்கிறேன் ஆன்ட்டி" என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கினான்.

"அப்ப எடுத்துரலாம்" என்றார் ஆசிரியர்.

நான் எழுந்து நின்று கைதட்டினேன். வெட்கமாவது ஒன்றாவது! அண்ணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையை மெல்லத் தலைக்கு மேலே உயர்த்தி, அங்கே இல்லாத கண்ணாடியை ஒரு விரல் அளவு தள்ளினார்.