இரண்டு துவக்குகளும் அறுநூற்று நாற்பது தேயிலைச் செடிகளும்

சனிக்கிழமை காலை 6.40. ஹட்டன் பஸ் நிலையத்தில் தலவாக்கலை பஸ் ஏறி ஜன்னலோரம் பிடித்துவிட்டேன். பையில் ஐந்து மீட்டர் அளவு நாடா, ஒரு டோர்ச், இரண்டு ரொட்டி. போனில் நாற்பது பக்கக் குறிப்பு. குறிப்பு முழுக்கத் துவக்கு. ஆமாம், எனக்கு அந்தப் பைத்தியம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராணுவத்தார் குழல்வாய் வழியாக மருந்தையும் ரவையையும் போட்டு, கம்பியால் இடித்துச் சுட்டார்களே, அந்தத் துவக்குகளில் எது தூரம் போகும், எது குறி தப்பாது என்று யாராவது கேட்டால் சோற்றை மறந்து பேசுவேன். இதுவரை யாரும் கேட்டதில்லை. புதன்கிழமை செல்வி கேட்டாள்.

செல்வி கெம்பஸில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். இப்போது பூண்டுலோயாவுக்கு மேலே, விடுதியாக மாறிவிட்ட ஒரு பழைய தொரை பங்களாவில் வேலை. வார நாட்களில் சமையலறை, சனி ஞாயிறில் விருந்தினருக்குப் பங்களாவைச் சுற்றிக் காட்டும் கைட். அவளுக்குப் பிடித்தது அந்த இரண்டு நாள்தான். சுற்றி முடித்து கடைசியில் விறாந்தைச் சுவரிலிருக்கும் துவக்கைக் காட்டி, அந்தக் காலத்துத் தொரை இங்கிருந்தே எதிர்ப் பாறையில் நின்ற காட்டுப்பன்றியை ஒரே வெடியில் விழுத்திய கதையைச் சொல்லுவாள். விடுதி கொடுத்த கதைதான் அது. போன மாதம் ஒரு வெள்ளைக்கார விருந்தினர் இணையத்தில் எழுதிவிட்டார்: இடம் அருமை, சாப்பாடு அருமை, கைட் சொல்வது பொய், அந்தத் துவக்கு பாறைவரை போகாது.

இன்று இரண்டு மணிக்கு வரும் குழுவோடு மெனேஜரும் நடப்பாராம். இன்னொரு முறை இப்படிக் கெட்ட பேர் வந்தால் செல்விக்கு ஏழு நாளும் சமையலறை.

7.50க்குத் தலவாக்கலை. பிளேன்டீ அறுபது ரூபா. அடுத்த பஸ் 9.05க்குப் பூண்டுலோயாவில் இறக்கிவிட்டது. அங்கிருந்து த்ரீவீலர், ஆறரைக் கிலோமீட்டர், தொள்ளாயிரம் ரூபா. அளவு நாடாவைப் பார்த்த சிங்களச் சாரதி, தங்கச்சி என்று கூப்பிடுகிற மாதிரி, "நங்கி சர்வேயரா?" என்று கேட்டார். துவக்கு பார்க்கப் போகிறேன் என்றேன். அதற்குப் பிறகு மனுஷன் ரோட்டை விட்டுவிட்டு, கண்ணாடியில் என் பையைத்தான் பார்த்தார்.

9.40க்குப் பங்களா. செல்வி ஈரக் கையோடு ஓடி வந்தாள். நலம் விசாரிக்கிற வேலையெல்லாம் இல்லை, நேராக விறாந்தைக்கு இழுத்துப் போனாள்.

சுவரில் ஒன்றல்ல, இரண்டு துவக்கு. இரண்டுமே இனிச் சுட முடியாதபடி பின்பக்கம் அடைக்கப்பட்டவை. ஸ்டூலில் ஏறி டோர்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தேன். மேலே இருந்தது பிரன்ஸ்விக். உள்ளே சுருளாக ஓடும் ஆழமான பள்ளம் இரண்டே இரண்டு. அதில் பொருந்துவதற்காகவே இடுப்பில் பட்டி வைத்த உருண்டை ரவை. சில வெடி வெடித்தால் மருந்துக் கரி உள்ளே படிந்து, அடுத்த ரவையை இறக்குவதற்குள் ஆளுக்கு மூச்சு வாங்கிவிடும். குறி பார்க்கும் தகட்டில் இருப்பது இருநூறு, முந்நூறு யார்தான், ஒரு யார் என்றால் மூன்றடி.

கீழே, கறுத்துப்போய்த் தொங்கியது என்ஃபீல்ட், 1853ஆம் வருஷத்து வடிவம். என் செல்லம். பள்ளம் மூன்று. ரவை நீளமானது, அடிப்பக்கம் குழிவானது. போடும்போது வழுக்கிக்கொண்டு இறங்கும், சுடும்போது அடிப்பக்கம் விரிந்து பள்ளத்தைக் கவ்விச் சுழன்று போகும். இதன் தகட்டில் தொள்ளாயிரம் வரை எண் இருந்தது.

"நீ எதைக் காட்டிக் கதை சொன்ன?"

"மேல உள்ளத. பித்தளை பளபளன்னு இருக்குல்ல."

வெள்ளைக்காரர் சொன்னது அந்தத் துவக்கைப் பொறுத்தவரை நியாயம்தான். சரி, கீழே உள்ளது எட்டுமா? அதற்குப் பாறைத் தூரம் தெரிய வேண்டும். போனில் சிக்னல் இல்லை. அளவு நாடாவைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. பங்களா வேலியிலிருந்து பாறை அடிவரை ஒரே தேயிலை வரிசை, அனேகமாக நேராக ஓடியது. தேயிலை நாலடிக்கு ஒன்று, அது யாருக்குத்தான் தெரியாது. இறங்கி எண்ணினேன். இரண்டு அட்டை காலில் ஏறியது. அறுநூற்று நாற்பது செடி. நாலால் பெருக்கினால் இரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபது அடி. கிட்டத்தட்ட எண்ணூற்று ஐம்பது யார்.

என் முகம் விழுந்துவிட்டது. தகட்டில் தொள்ளாயிரம் இருப்பது கூட்டமாக நிற்கும் படையைப் பார்த்துச் சுடுவதற்கு. ஒற்றைப் பன்றிக்கு அது கதைக்காகாது.

11.30க்குச் சமையலறையில் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த செல்வியிடம், கதையை விட்டுவிடு என்றேன். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை. இனித் தினமும் இந்தக் கத்திதான் என்று சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, எப்படி எண்ணினாய் என்று கேட்டாள். சொன்னேன்.

கத்தியைக் கீழே வைத்தாள்.

"அடியே, வரிசையோடவே போனியா, குறுக்கால போனியா?"

"வரிசையோடதான்."

"அது கிளை வெட்டி நட்ட வீ.பி. தேயிலைடி. வரிசைக்கு வரிசைதான் நாலடி. செடிக்குச் செடி ரெண்டடி. டவுன்ல பொறந்ததெல்லாம் தேயிலை எண்ண வந்தா இப்பிடித்தான்."

உண்மைதான். அப்பா ஆசிரியர், வீடு ஹட்டன் டவுனில். எனக்குத் தெரிந்த தேயிலை கோயிலுக்குப் பின்னால் நிற்கும் பழைய விதைத் தேயிலை மட்டும். தூரம் அப்படியே பாதியானது: நானூற்று இருபத்தேழு யார். பிரன்ஸ்விக் எட்டாது. என்ஃபீல்டுக்குக் கஷ்டம், ஆனால் முடியும். ஒரே ஒரு நிபந்தனை: அதன் ரவை வளைந்து ஏறி இறங்குவதால், தூரம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். தகட்டை என் முதல் கணக்கான எண்ணூற்று ஐம்பதுக்கு வைத்துச் சுட்டிருந்தால் பன்றிக்கு மேலே ஒரு சவுக்கு மர உயரத்தில் பறந்திருக்கும். இதைச் சொன்னதும் செல்வி போஞ்சியை என் பக்கம் தள்ளிவிட்டு விறாந்தைக்குப் போய்விட்டாள். நான்தான் நறுக்கி முடித்தேன்.

2.00. மட்டக்களப்பிலிருந்து எட்டு ஆசிரியர்கள். பின்னால் கையைக் கட்டியபடி மெனேஜர். கடைசியில் விறாந்தைக்கு வந்ததும் செல்வி பன்றியைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பாறை எவ்வளவு தூரம் என்று கேட்டாள். ஆயிரம் யார் என்றார் ஒரு டீச்சர். அறுநூறு என்றார் இன்னொருவர். எல்லாரும் மெனேஜரைப் பார்க்க, அவர் எழுநூறு என்றார்.

"எழுநூறுன்னு வச்சுச் சுட்டிருந்தா பன்னி சிரிச்சிக்கிட்டே போயிருக்கும் சேர்."

டீச்சர்மார் சிரித்துவிட்டார்கள். மெனேஜர் சிரிக்கவில்லை. செல்வி பாறை நானூற்று இருபத்தேழு யார் என்று சொல்லி, இரண்டு துவக்கையும் காட்டி, ஏன் மேலே உள்ளது எட்டாது, கீழே உள்ளது எட்டும் என்று, நான் ஒரு மணித்தியாலம் எடுத்துச் சொன்னதை மூன்று நிமிஷத்தில் சொல்லி முடித்தாள்.

"தொரை சுட்டாரா, எனக்குத் தெரியாது. இவ்வளவு நாளா தெரிஞ்ச மாதிரி சொன்னது என் தப்பு. ஆனா சுட்டிருந்தா, தூரம் சரியா தெரிஞ்சிருக்கணும். இந்த மலையில தேயிலை நடுறதுக்குக் கயிறு புடிச்சி, குச்சி நட்டு, அடி அடியா அளந்தது எங்க ஆளுங்க. தொரை கேட்டிருந்தா அவங்ககிட்டதான் கேட்டிருக்கணும்."

மெனேஜர் பாறையைப் பார்த்தார், துவக்கைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் குழந்தை மாதிரி, நானூற்று இருபத்தேழு என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். "வாங்க சேர், எண்ணலாம்" என்றாள் செல்வி.

4.15க்கு த்ரீவீலர் வந்தது. அவளிடம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. எங்கள் வீட்டில் நான் துவக்கு என்று ஆரம்பித்தாலே அம்மா டீவி சத்தத்தைக் கூட்டுவார். இங்கே எட்டு டீச்சர்மாரும் சேலையையும் காற்சட்டையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அட்டைக்குக் கத்தியபடி, ஒரே வரிசையில் பாறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் செல்வி. அவளுக்குப் பின்னால் மெனேஜர், சத்தமாக, முந்நூற்றுப் பன்னிரண்டு, முந்நூற்றுப் பதின்மூன்று.