அறுந்த கம்பிக்கும் பச்சை

உங்கள் தம்பி உயரமான ஒரு தானியக் கோபுரத்துக்குள் கயிறு கட்டி இறங்கப் போகிறான். இறங்கலாமா என்று உங்களைக் கேட்கிறான். உங்கள் முன்னால் இருக்கும் திரை முழுக்கப் பச்சை. என்ன சொல்வீர்கள்?

"இறங்கு" என்றுதான் சொல்வீர்கள். அவளும் அதைத்தான் சொன்னாள்.

தீவன ஆலையில் அவளை எல்லோரும் டிக்டிக் என்றே கூப்பிட்டார்கள். ஆலைக்கு வருவதற்கு முன் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை செய்தவள். பழைய லிஃப்டுகளின் மூளை ரிலேக்களால் ஆனது. மின்சாரம் வந்ததும் உள்ளே இருக்கும் சின்ன நாக்கு இழுபட்டு ஒரு இணைப்பைச் சேர்க்கும், போனதும் விலகும். இரண்டுக்கும் ஒரு டிக். பெட்டியில் காதை வைத்து, எந்த ரிலே சோம்பேறியாகிவிட்டது என்று கண்டுபிடிப்பாள். ஆலைக்கு வந்த முதல் வாரமே சுவரோடு காதை ஒட்டி நின்றவளைப் பார்த்து மேஸ்திரி, "என்ன டிக்டிக், பக்கத்து வீட்டுச் சண்டையா?" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா ஒரு சலவைக் கடையில் நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தம்பியை வளர்த்தது இவள்தான். அவனுக்கு அந்த ஆலையில் வேலை வாங்கிக் கொடுத்தவளும் இவள்தான். கோபுரத்துக்குள் இறங்கி, சுவரில் அப்பிக் கட்டிப் பிடித்த தானியத்தைக் கம்பியால் குத்தி உடைக்கும் வேலை. அவனுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள்: கயிறு.

ஆலையில் கோபுரத்தை சைலோ என்பார்கள். ஈரம் போகாத மக்காச்சோளத்தை உள்ளே கொட்டினால் அது தானாகவே சூடேறும். வெளியே ஒரு புகையும் தெரியாமல், நடுவில் உட்கார்ந்து கருகும். கருகும்போது நாற்றமில்லாத விஷவாயு வரும். அதற்காகத்தான் கூரையிலிருந்து கேபிள்களைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு கேபிளிலும் மேலிருந்து கீழ்வரை சூட்டை அளக்கும் முனைகளை வைத்திருந்தார்கள். முனைகள் ஏராளம். அவற்றைப் படித்துப் பதிவு செய்யும் டேட்டாலாகருக்கோ காது ஒன்றிரண்டுதான். இரண்டுக்கும் நடுவே, முனைகளை ஒவ்வொன்றாக டேட்டாலாகரோடு சேர்த்துவிட ஒரு பெட்டி: ரிலே மல்டிபிளெக்சர். அதன் ஒவ்வொரு கம்பியையும் முடுக்கியவள் டிக்டிக்.

ஒரு நாள் சாப்பிடும்போது தம்பி கேட்டான். "அந்தப் பெட்டிக்குள்ள என்னதான்க்கா நடக்குது? ஓயாம டிக்கு டிக்குங்குது."

"ஒரு டாக்டர். ஒரே ஒரு ஸ்டெத்தாஸ்கோப். வார்டு நிறைய நோயாளி. ரீசெட் கம்பில கரண்ட் வந்தா டாக்டர் முழிச்சுக்குவாரு. கிளாக் கம்பில ஒரு துடிப்பு வந்தா நர்ஸ் கை தட்டுற மாதிரி. தட்டத் தட்ட அடுத்த கட்டிலுக்குப் போவாரு. அந்தச் சத்தம்தான் டிக்."

"நர்ஸ் தூங்கிட்டா?"

"ஒருத்தன் நெஞ்சையே நாள் பூரா கேட்டுக்கிட்டு நிப்பாரு. நீ உன் பொண்டாட்டி பேச்சையே கேக்குற மாதிரி."

"என் பேச்சைக் கேட்டிருந்தா இவரு எப்பவோ உருப்பட்டிருப்பாரு அண்ணி" என்றாள் தம்பி மனைவி, அவன் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே.

"சரி, நோயாளி செத்துக் கிடந்தா?" என்றான் அவன்.

டிக்டிக் சொன்னாள். "அதுக்குத்தான் ஒவ்வொரு கட்டில்லயும் முதல்ல தோளைத் தட்டிப் பாக்கணும். அப்புறம் காதுல இருக்குற பழைய சத்தம் அடங்குற வரைக்கும் ஒரு மூச்சு நிக்கணும். ரெண்டையும் செய்யலைன்னு வை, முன்னால கேட்டவன் இதயத் துடிப்பே காதுல இருக்கும். செத்தவனையும் நல்லா இருக்கான்னு எழுதிட்டுப் போயிடுவாரு."

உவமை துல்லியமானது. ரிலே மாறியதும் முந்திய முனையின் மின்னழுத்தம் கம்பியில் சற்றுத் தங்கி நிற்கும். நல்ல முனை அதைத் தள்ளிவிட்டுத் தன் அளவைச் சொல்லும். அறுந்த முனைக்கு அந்தத் தெம்பு ஏது? பழைய அளவே அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். அறுந்த கம்பி பக்கத்துக் கம்பியின் குரலில் பேசும். ஆலைக்காரர்கள் இதைப் பேய் ரீடிங் என்பார்கள். பேயுமில்லை, பிசாசுமில்லை. காத்திருக்க மறுத்தவர்களின் அவசரம் அது.

தானியம் இறங்கும்போது கேபிள்களையும் சேர்த்துக் கீழே இழுக்கும். அந்த இழுப்பில் மூன்றாவது சைலோவின் நடுக் கேபிள் அறுந்தது. டேட்டாலாகர் தோளைத் தட்டிப் பார்த்தது, பதிலில்லை. திரையில் சிவப்புப் பெருக்கல் குறி வந்தது, சங்கு அலறியது, தானியம் இறக்கும் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. வாசலில் லாரிகள் வரிசை கட்டின. சங்கை நிறுத்தினால் மறுநாள் மறுபடி அலறும்.

மேலாளர் கட்டுப்பாட்டு அறைக்கே வந்துவிட்டார். "என்னம்மா, தினம் இந்த ஒப்பாரி? எனக்கு ஸ்கிரீன் சுத்தமா இருக்கணும்."

"கேபிள் அறுந்திருக்கு சார். மாத்தினா சுத்தமாயிடும்."

"மாத்தணும்னா சைலோ காலியாகணும். காலி பண்ண உன் சங்கு விட்டாத்தானே?" என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டுப் போனார்.

அவரோடு வந்த இன்ஜினியர் போகவில்லை. கதவைச் சாத்தினார். "அறுந்த கம்பிச் சோதனையை எடுத்துடும்மா. ரிலே மாறினதும் காத்திருக்கிற நேரத்தையும் குறைச்சுடு. திரை சட்டுசட்டுன்னு மாறும், அவருக்கும் பிடிக்கும்."

"எடுத்தா அறுந்ததும் பச்சை காட்டும் சார்."

"எனக்குத் தெரியாதா? உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே."

"அப்புறம் ஏன் சார்?"

"எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. புதுக் கேபிள் வர்ற வரைக்கும்தான்."

இந்த இடத்தைக் கவனியுங்கள். இங்கே அறியாமை என்று எதுவுமே இல்லை. படித்தவருக்குத் தெரியும், வேலை செய்பவளுக்குத் தெரியும். கேட்டிருந்தால் மேலாளருக்கும் தெரிந்திருக்கும். தெரியக் கூடாது என்பதற்காகவே அவர் கேட்கவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, டேட்டாலாகரின் நிரலில் ஒரு வரியை நீக்கினாள். இன்னொரு வரியில் ஒரு எண்ணைச் சின்னதாக்கினாள். திரை முழுக்கப் பச்சை பூத்தது. சங்கு ஓய்ந்தது. லாரிகள் நகர்ந்தன. மேஸ்திரி எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார்.

மனசு கேட்காமல் கீழே போய் மல்டிபிளெக்சர் பெட்டியைத் திறந்து, நடுக் கேபிளின் முனையங்கள் மேல் சிவப்பு நாடா ஒட்டினாள். தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள். "இது செத்துப்போச்சு. ஆனா திரையில உசுரோட இருக்கிற மாதிரி தெரியும். மூணாவது சைலோல எறங்கச் சொன்னா என்னைக் கேக்காம எறங்காத."

"உன்னைக் கேக்காம நான் எதைச் செஞ்சிருக்கேன்? கல்யாணத்தைத் தவிர."

அவள் செய்தது அன்பு. ஆனால் அந்த அன்பில் ஒரு ஓட்டை இருந்தது. தெரிந்த பொய்க்கு நாடா ஒட்டினாள். தெரியாத பொய்க்கு எதை ஒட்டுவது? எந்தக் கம்பி செத்தது என்று சொல்லும் சோதனையைத்தான் அவளே எடுத்துவிட்டாளே. அதற்குப் பிறகு அறுகிற எந்தக் கம்பியும் அவளிடமும் பொய்தான் சொல்லும். பொய் சொல்லும் திரைக்கு ஆள் பார்த்துப் பேசத் தெரியாது. இதை அவள் யோசிக்கவில்லை. புதுக் கேபிள் வரும் வரும் என்றார்கள். மழைக்காலம் வந்தது. கேபிள் வரவில்லை.

அன்று காலை மூன்றாவது சைலோவில் தானியம் இறங்காமல் அடைத்துக்கொண்டது. கிழக்குச் சுவரில் கட்டி. மேஸ்திரி கயிறைக் கூப்பிட்டார். இறங்குமுன் வாயுவைச் சோதிக்க ஒரு கருவி உண்டு. ஆனால் திரை பச்சையாக இருந்தால் அந்தச் சோதனை வேண்டாம் என்று மேலாளர் வாய்மொழியாகச் சொல்லி வைத்திருந்தார். சோதனை செய்தால் கால் மணி நேரம் போய்விடுமாம்.

தம்பி சொன்ன சொல் தவறவில்லை. கூரையில் நின்றுகொண்டு வாக்கிடாக்கியில் கூப்பிட்டான்.

"அக்கா, எறங்கலாமா?"

"எந்தப் பக்கம்?"

"கிழக்கு. உன் பொணம் இருக்கிற பக்கம் இல்ல."

அவள் திரையைப் பார்த்தாள். கிழக்குக் கேபிளின் முனைகள் எல்லாம் பச்சை. அளவுகள் வடக்குக் கேபிளின் அளவுகளைப் போலவே இருந்தன. ஒரே சைலோ, ஒரே தானியம், அப்படித்தானே இருக்கும் என்று நினைத்தாள்.

"கிழக்கு நல்லாத்தான் இருக்கு. எறங்கு. சீக்கிரம் ஏறிடு, பாப்பாவை ஸ்கூல்ல இருந்து நீதானே கூட்டிட்டு வரணும்?"

"உன் டாக்டரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன" என்றான்.

அதுதான் அவன் பேசிய கடைசிப் பேச்சு. கட்டியில் கம்பி பாய்ந்ததும், உள்ளே நாள் கணக்கில் கருகிக்கொண்டிருந்த சோளம் தேக்கி வைத்திருந்ததெல்லாம் அவன் முகத்தில் வந்தது. கயிறு ஒரு தரம் இழுபட்டது, பிறகு இழுபடவில்லை. மேலே தூக்கி வந்தபோது அவன் முகம் சிவந்திருந்தது, விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் முகம் போல. அந்த விஷவாயு கொன்றுவிட்டு அப்படித்தான் அலங்கரித்து அனுப்பும்.

ஆம்புலன்ஸ் போன பிறகு டிக்டிக் பெட்டியைத் திறந்தாள். கிழக்குக் கேபிளின் கம்பிகளைக் கழற்றி மீட்டரில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் அறுந்திருந்தன. எப்போது அறுந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய வரியை அவள் விரல்தான் நீக்கியது.

மேலாளர் வீட்டுக்கு வந்தார். தம்பி மனைவியின் எதிரில் தலையைக் குனிந்து நின்று, "எல்லாம் விதிம்மா. யாரால மாத்த முடியும்?" என்றார். அதே வாரம் ஆலை தந்த அறிக்கை, வாயுவைச் சோதிக்காமல் உள்ளே இறங்கித் தொழிலாளி "விதியை மீறினார்" என்றது.

நம் மொழியில் ஒரே சொல் தலையெழுத்தையும் குறிக்கும், சட்டத்தையும் குறிக்கும். அந்த வசதியை இந்த மனிதர்கள் எவ்வளவு லாவகமாகப் பயன்படுத்துகிறார்கள் பாருங்கள். துக்க வீட்டில் விதி கொன்றது. அலுவலகத்தில் விதியை மீறியதால் செத்தான். இரண்டிலும் கொன்றவர் பெயர் இல்லை. வானத்தில் யாரும் உட்கார்ந்து அவன் தலையில் எழுதவில்லை. ஒரு அறையில், ஒரு கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு வரியை அழித்தார்கள்.

விசாரணைக்கு அதிகாரி வந்தபோது டிக்டிக் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். நிரலை மாற்றியது யார் என்று அவர் கேட்டார்.

"நான்தான் சார்."

"யார் சொல்லி?"

அவள் இன்ஜினியரைக் காட்டினாள். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே, "அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை" என்றார்.

"சரி, அது ஞாபகம் வேண்டாம். இதைப் பாருங்க" என்று எல்லோரையும் பெட்டிக்கு அழைத்துப் போனாள். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த வடக்குக் கேபிளின் ஒரு கம்பியை ஸ்குரூடிரைவரால் கழற்றி, அதிகாரியின் கையில் கொடுத்தாள். "கம்பி உங்க கையில இருக்கு. மேல திரை என்ன சொல்லுதுன்னு வாக்கிடாக்கில கேளுங்க."

கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த குரல் திரை பச்சை என்றது. பெட்டிக்குள் ரிலேக்கள் டிக் டிக் என்று கட்டில் கட்டிலாக நடந்துகொண்டிருந்தன.

மேலாளர்தான் முதலில் தேறிக்கொண்டார். "பாத்தீங்களா சார்? இவளே ஒத்துக்கிட்டா."

வழக்கு அவள் மேல் மட்டும் பாய்ந்தது. கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம். இன்ஜினியருக்கு வேறொரு ஆலைக்கு மாற்றல். மேலாளர் அதே நாற்காலியில். வேலை போனதால் இவள் வீட்டு முன்னறையில் மின்விசிறிகளும் மிக்சிகளும் பழுது பார்க்கிறாள். தம்பி மனைவி ஒரே ஒரு தரம்தான் பேசினாள். "நீங்க எறங்குன்னு சொன்னதாலதான் அண்ணி எறங்கினாரு." அவள் மறுக்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டினாள். அதன்பிறகு அந்த வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. பள்ளி விடும் நேரத்தில் தெருமுனையில் நின்று, தம்பி மகள் போவதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறாள்.

"தண்டனை கொடுத்தா வாங்கிக்கிறேன். நான் செஞ்சது செஞ்சதுதான்" என்கிறாள். "ஆனா அந்தப் புரோகிராம்ல அந்த வரியைத் திரும்பப் போட்டாங்களான்னு மட்டும் யாராச்சும் எனக்குச் சொல்லணும். இப்ப வேற ஒருத்தன் எறங்குறானே."

அவளை ஆலை வாசலில் கூட விடுவதில்லை. கடிதம் எழுதினாள், பதில் இல்லை. ஆனால் உங்களை விடுவார்கள். நீங்கள் வேலை செய்யும் இடத்தில், உங்கள் அண்ணனோ மகனோ இறங்கும் தொட்டியில், கொதிகலன் அறையில், சுரங்கத்தில் ஏதோ ஒரு திரை பச்சை காட்டிக்கொண்டிருக்கிறது. நாளைக்கே போங்கள். அதிகாரம் உள்ளவர் எவரானாலும் அவர் எதிரில் நின்று, "உங்கள் கையாலேயே ஒரு கம்பியைக் கழற்றிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கழற்றிய பிறகும் பச்சையாகவே இருந்தால், வாசலை மறித்து நில்லுங்கள். ஒருவரையும் உள்ளே இறங்க விடாதீர்கள்.