வெயில் படாத வேலை

ஞாயிற்றுக்கிழமை நிரோஷா ஊற்று கொட்டும் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கக் கிளம்பினால், தாய் பாப்பம்மா குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள். மழைக்கல்ல, வெயிலுக்கு. குடம் மகளின் இடுப்பில், குடை மகளின் தலைக்கு மேல், வெயில் பாப்பம்மாவின் முதுகில். "கறுத்துப் போயிருவ புள்ள, நிழல்லயே வா" என்பாள். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இதைக் கண்டு சிரிக்காத ஆளில்லை. "மகாராணி வர்றாங்க, வழி விடுங்க!" சிரித்துவிட்டுப் போகட்டுமே, பாப்பம்மாவுக்கு அதிலும் ஒரு பெருமைதான்.

காலமெல்லாம் கொழுந்து பறித்தவள். கழுத்தும் முன்கையும் அடிபிடித்த சட்டியாகிவிட்டன. அட்டைக்குப் பயந்ததில்லை, கங்காணிக்கும் பயந்ததில்லை. தான் பட்ட வெயிலை மகள் படக்கூடாது என்ற ஒரே வைராக்கியத்தில் படிக்கவைத்து, கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். கடையின் நிலவறையில் நின்றுகொண்டே துணிகளுக்கு விலைச்சீட்டுக் குத்தவேண்டும். விடியுமுன் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. "எம்மகளுக்கு வெயிலே படாத வேலைங்க" என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் பாப்பம்மா சொல்வாள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வாள்.

பிறகு நிரோஷாவுக்கு இடுப்பும் தொடையும் வலிக்கத் தொடங்கின. ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தாள். கண்டியில் காட்டியபோது டொக்டர் இரத்தம் சோதிக்கச் சொன்னார். ரிப்போட்டில் விட்டமின் டி எட்டு என்றிருந்தது.

பாப்பம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, இலக்கம் தெரியும். லயத்தில் பாதிப் பேருக்குச் சீனி வருத்தம். இரத்தத்தில் சீனி இருநூறு, முந்நூறு என்று ரிப்போட் வந்தால் அழுவார்கள், இறங்கினால் சாமி கும்பிடுவார்கள். எட்டென்றால் கேட்கவா வேண்டும்!

"குறைவுன்னு போட்டிருக்கும்மா. டொக்டர்கிட்ட காட்டுவோம்" என்றாள் நிரோஷா.

"அதத்தானே நானும் சொல்றேன்! குறைஞ்சிருக்கு. இதுக்குப் போயி லீவு போடுவியா?"

மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தாள். ரிப்போட்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினாள். வலிக்குத் தைலம் போதும் என்று இரவில் மகளின் காலைத் தேய்த்துவிட்டாள். மழைக்காலம் முழுக்கத் தேய்த்தாள்.

ஒருநாள் விடியற்காலையில் நிரோஷாவால் பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. கொண்டக்டர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். பஸ் நிறையச் சனம் காத்திருந்தது. கடைசியில் பஸ் அவளை விட்டுவிட்டுப் போயிற்று. பாப்பம்மா ரிப்போட்டை எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து மகளைக் கண்டிக்குக் கூட்டிவந்தாள்.

டொக்டர் சிங்களத்தில் சொன்னதை, கெலிஓயாப் பக்கத்துத் தாதி றமீலா தமிழில் சொன்னாள். "இது சீனி மாதிரி இல்லம்மா. சீனி கூடினா கரச்சல், இது கொறஞ்சா கரச்சல். முப்பதாவது ஈக்கணும், ஒங்க மகளுக்கு எட்டு தான் ஈக்கி. எலும்புக்குப் பலம் பத்தாது. குளிசை தருவாங்க, ஒழுங்கா குடிக்கணும். மேல்ல வெயிலும் படணும். ஏன், இவங்க வெயிலே காணுறல்லயா?"

பஸ்ஸில் எத்தனையோ பேரிடம் பாப்பம்மா கேட்காமலே சொன்னதைத்தான் இப்போது இவள் கேட்கிறாள். வெயில் என்ன காசு கொடுத்து வாங்குகிற பொருளா? மலையெல்லாம் கொட்டிக் கிடந்ததை, பெற்ற பிள்ளைக்கு மட்டும் கிடைக்காமல் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறாள்.

"சரியாயிருமாங்க?" என்றாள் பாப்பம்மா.

"ஆகும். கொஞ்ச காலம் எடுக்கும். ரிப்போட் வந்தவொடனே காட்டீந்தா இவ்வளவு கஷ்டம் இல்ல."

"அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க மிஸ்" என்றாள் நிரோஷா. அதுதான் பாப்பம்மாவை அழவைத்தது.

வெளியே உச்சி வெயில். வாசலைத் தாண்டியதுமே பழகிய கை குடையை விரித்துவிட்டது. நிரோஷா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, வழக்கம்போல் அதன் கீழே வந்து நின்றாள்.

பாப்பம்மா குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கினாள். மகளின் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள். பிறகு அந்த வெளுத்த கையைத் தன் கறுத்த கையில் ஏந்தி, வெயிலுக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.