அகஸ்டினாவின் உண்ணி இல்லாத மாடு

என் தங்கை அகஸ்டினா ரெட்டியார்பாளையத்தில் ஒரே ஒரு பசு வைத்துப் பால் ஊற்றுகிறாள். தெருவிலேயே உண்ணி இல்லாத மாடு அவளுடைய லில்லிதான் என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன்.

ஆனால் கன்று ஈன்று ஒரு வருஷம் தாண்டியும் லில்லி பருவத்துக்கு வரவில்லை. பாலும் வற்றிவந்தது. ஆகஸ்டில் வரும் மாதா திருவிழாவுக்குள் சினை பிடிக்காவிட்டால் தரகர் கொளஞ்சியிடம் கொடுத்துவிடுவேன் என்றார் அவள் கணவர் பிரான்சுவா. கொளஞ்சி ஓட்டிப்போகும் மலட்டு மாடு எங்கே போகும் என்பது தெரிந்ததுதான்.

"உன் மாடு கன்னியாவே இருக்கறதா வார்த்தைப்பாடு குடுத்துடுச்சு போல. கன்னியாஸ்திரி மடத்துல சேத்துடு" என்று கேலி செய்வார்.

"சேக்கறேன். அப்படியே உங்களையும் குருமடத்துல விட்டுட்டு வரேன்."

வாய்க்கு வாய் பேசினாலும் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

மார்ச் மாதம், தவக்காலத்தில், மாட்டு டாக்டர் நிர்மலா வந்தார். சோதித்துவிட்டு, சினைப்பை வேலையே செய்யவில்லை என்றார். பிறகு லில்லியின் முதுகை முகர்ந்தார்.

"என்னம்மா இது, மருந்து வாசனை?"

"உண்ணிக்கு டாக்டர். சனிக்கிழமை தவறாம அடிப்பேன்."

கொண்டுவந்து காட்டிய பாட்டிலில் கத்திரிக்காய்ப் படம் இருந்தது.

"இது செடிக்கு அடிக்கறதும்மா. தோல் வழியா ரத்தத்துல கலக்கும். நக்குனா வயித்துக்கும் போவும். மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவர்ற ஹார்மோன் சுரக்கறதையே இது கெடுத்துடலாம். இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். நிறுத்திப் பாருங்க. இப்போதைக்குப் பாலையும் யாருக்கும் ஊத்தாதீங்க."

அகஸ்டினா அன்றே வீடு வீடாகப் போய்ப் பால் இல்லை என்றாள். காரணத்தையும் மறைக்காமல் சொன்னாள். நானாக இருந்தால் வற்றிவிட்டது என்றிருப்பேன். பிறகு கொட்டகைச் சுவரில் உண்ணி பதுங்கும் வெடிப்புகளைப் பூசி, சுண்ணாம்பு அடித்தாள். சாயங்காலமானால் லில்லியின் காது மடலை விரித்து, உண்ணிகளைக் கையாலேயே பொறுக்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டாள்.

மே மாதம் ஒரு காலையில் லில்லி விடாமல் கத்தியது. சேதராப்பட்டு கம்பெனியில் இரவு வேலை முடித்து வந்த பிரான்சுவாவுக்குத் தெருமுனையிலேயே கேட்டிருக்கிறது. சட்டையைக்கூடக் கழற்றாமல் டாக்டருக்குப் போன் செய்தார்.

"மடத்துலேர்ந்து ஓடியாந்துடுச்சு. சினை ஊசி போட சீக்கிரம் வாங்க."

நேற்று டாக்டர் மறுபடியும் உள்ளே கை விட்டுச் சோதித்தார். திருவிழாக் கொடி ஏற இன்னும் நாள் இருக்கிறது.

"சினைதாம்மா."

அகஸ்டினா சாணிக் கையோடேயே சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பசிக்குதுக்கா, என்னா இருக்கு?" என்றாள்.